பாயைக் குறை சொல்லாதீங்க!

"கோரைப்பாயா? ஐப்பசி மழைக்கே பூசணம் பூத்துடும். பிளாஸ்டிக் பாய்தான் லாயக்கு அத்தை" என்றாள் மருமகள். எனக்குச் சுருக்கென்றது. காரைக்கால் கடற்காற்றில் எதுதான் ஈரம் வாங்காது? வியர்வையோடு சுருட்டி மூலையில் சாத்துவது நாம். பழி பாய் மேல்! எழுந்ததும் சற்று ஆறவிட்டு, மடிக்காமல் சுருட்டி, பரணில் வையுங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், உச்சி வெயிலில் கோரை நொறுங்கும்.

கொள்ளிடம் பக்கம் தைக்காலில் வாங்கிய பிரம்பு நாற்காலி தொய்ந்தாலும் தூக்கிப் போடாதீங்க. பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நனைத்து, யாரும் உட்காராமல் ஒருநாள் காயவிட்டால் இறுகிக்கொள்ளும்.

கோரை கொல்லையில் மக்கிவிடும். மாடி வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்த எங்கள் பிளாஸ்டிக் பாயை எங்கே போடுவது? எரிக்கவும் பயம். மருமகள் கல்யாணத்துக்கு வாங்கிய கோரைப்பாயில்தான் இன்று பேத்தி தூங்குகிறாள்!

– ஒரு வாசகி, தருமபுரம், காரைக்கால்