அவசரத்துக்கு விலை வைக்கும் ஆகாயப் பயணம்

 

பெருநாளைக்காக வளைகுடாவிலிருந்து ஊர் வந்த இருவர் பள்ளிவாசல் முற்றத்தில் பயணக் கதை பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருவரும் வந்தது ஒரே விமானம்; அமர்ந்தது அடுத்தடுத்த இருக்கை. ஆனால் ஒருவர் கொடுத்த கட்டணத்தைப் போல் இரு மடங்கு மற்றவர் கொடுத்திருப்பார். "ஏஜெண்டு என்னை ஏமாற்றிவிட்டார்" என்று அவர் மனம் நோவார். பெரும்பாலும் அது ஏஜெண்டின் குற்றமன்று. அந்த விலை எப்படிப் பிறக்கிறது என்பதை அறிந்து கொண்டால், வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதியையேனும் நாம் காப்பாற்றிக் கொள்ளலாம்.

ஒரு விமானம், பல விலை

நம் கடைவீதியில் காலையில் ஒரு விலைக்கு விற்ற மீன், மாலையில் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். விற்காமற் போனால் கெட்டுவிடுமே என்ற அச்சம் வியாபாரிக்கு. விமான இருக்கையும் அத்தகைய பொருளே. கதவு மூடப்பட்ட பின் காலி இருக்கைக்கு ஒரு காசும் பெறுமானமில்லை. அப்படியிருக்க, புறப்படும் நாள் நெருங்க நெருங்க விலை ஏறுவது ஏன்?

கடைசி நேரத்தில் வருகிறவன் பயணத்தைத் தவிர்க்க முடியாதவன் என்பது நிறுவனங்களின் கணக்கு. எனவே ஒரு விமானத்தின் இருக்கைகளை அவை பல படிகளாகப் பிரித்து வைக்கின்றன. விளங்குவதற்காக ஒரு கணக்கு சொல்கிறேன். 180 இருக்கைகளில் முதல் 20 இருக்கைகள் 9 ஆயிரம் ரூபாய். அடுத்த 40 இருக்கைகள் 12 ஆயிரம். பின்னர் 16 ஆயிரம். கடைசிச் சில இருக்கைகள் 30 ஆயிரம். ஒரு படி விற்றுத் தீர்ந்தால் அடுத்த படி திறக்கும். எதிர்பார்த்ததைவிட விற்பனை மந்தமானால் மூடிய படி மீண்டும் திறப்பதும் உண்டு. நேற்றுப் பார்த்த விலை இன்று இல்லாமற் போவதற்கு முதற்காரணம் இதுதான். நாம் அடிக்கடி தேடுவதால் கணினி நம்மை அடையாளம் கண்டு விலையை ஏற்றிவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். பெரும்பாலும் நடப்பது, மலிவான படியின் கடைசி இருக்கையை வேறொருவர் வாங்கிவிட்டதே.

இந்த முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அங்கே 1978-இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டண நிறுவனம் தோன்றிப் பெரிய நிறுவனங்களை நடுங்க வைத்தது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், முன்கூட்டியே வாங்குவோருக்குச் சில இருக்கைகளை மட்டும் மிகக் குறைந்த விலையில் ஒதுக்கி, எஞ்சியவற்றை விரைந்து புறப்படும் வணிகர்களுக்காக அதிக விலையில் வைத்தது. எந்த விலையில் எத்தனை இருக்கை என்பதைக் கணினி கணித்தது. இரண்டே ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் தன் பெயரையே இழந்து வேறொரு நிறுவனத்துடன் கலந்தது. அன்று முதல் உலகெங்கும் இதுவே வழக்கமாயிற்று.

வளைகுடாப் பாதையின் வழக்கம்

நம்மவர் மிகுதியாகப் பறக்கும் வளைகுடாப் பாதைக்கென்று சில தனித் தன்மைகள் உண்டு. அங்கே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பள்ளி விடுமுறை. ஜூலைத் தொடக்கத்தில் குடும்பங்கள் ஊருக்குத் திரும்புவதால் அங்கிருந்து இங்கு வரும் கட்டணம் உச்சத்தில் இருக்கும். அதே நாளில் இங்கிருந்து அங்கு செல்லும் விமானம் காலியாகப் பறக்கும். ஆகஸ்டு இறுதியில் இது தலைகீழாக மாறும். ஆகவே மகனைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், கூட்டம் ஊருக்கு வரும்போது அங்கே சென்று, கூட்டம் அங்கே திரும்பும்போது ஊருக்கு வந்தால் இரு வழியிலும் ஆதாயம்.

பெருநாட்களோ ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முன்னேறி வருகின்றன. சென்ற ஆண்டின் தேதியை வைத்து இவ்வாண்டின் விலையை ஊகிப்பது தவறு. ஹிஜ்ரி நாட்காட்டியை அருகில் வைத்துக் கொள்ளுங்கள்.

இரு நாடுகளுக்கிடையே வாரம் எத்தனை இருக்கைகள் பறக்கலாம், எந்தெந்த நகரங்களில் இறங்கலாம் என்பதை அரசுகளின் ஒப்பந்தமே முடிவு செய்கிறது. துபாய்க்கான அளவு 2014-இல் வாரத்துக்கு ஒவ்வொரு தரப்புக்கும் சுமார் 65 ஆயிரம் இருக்கைகள் என உயர்த்தப்பட்டது. செல்வோர் பெருகி, இருக்கைகள் அந்த அளவுக்குப் பெருகாதபோது விலை எப்படி இறங்கும்?

ஹஜ் பயணத்தின் கட்டணம் மிகுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஹாஜிகளை ஏற்றிச் செல்லும் தனி விமானம் பெரும்பாலும் காலியாகவே திரும்பும். அழைத்து வருவதற்கும் காலியாகவே செல்லும். அந்தச் செலவும் ஹாஜியின் கட்டணத்தில்தான் சேர்கிறது. இதற்காக அரசு அளித்து வந்த மானியமும் 2018-இல் நிறுத்தப்பட்டது.

குடும்பத்தார் கவனத்துக்கு

ஒன்று: ஐந்து பேருக்கு ஒரே நேரத்தில் தேடும்போது மலிவான படியில் மூன்று இருக்கைகளே இருந்தால், பல நிறுவனங்களின் கணினி ஐவருக்கும் அடுத்த படியின் விலையையே காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை வேறுபட்டால் இரு டிக்கெட்டுகளாகப் பிரித்து வாங்கலாம். குழந்தைகள் மட்டும் தனி டிக்கெட்டில் அமையாதவாறு பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டு: வார விடுமுறைக்கு முந்திய இரவுகளைத் தவிருங்கள். சவூதியில் 2013 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும் முழு விடுமுறை; வெள்ளி அரை நாள்.

மூன்று: ஒரே விமான நிலையத்தைப் பிடித்துக் கொண்டிராதீர்கள். சென்னை, திருச்சி, கோவை விலைகளை ஒப்பிடுங்கள். குமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரமும், பொள்ளாச்சிப் பக்கத்தாருக்குக் கொச்சியும் பயன்படலாம். கார் வாடகையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

நான்கு: முதலில் காட்டப்படும் விலையைக் கண்டு மயங்காதீர்கள். பெட்டிக்கும் உணவுக்கும் இருக்கைத் தேர்வுக்கும் தனித்தனியே கட்டணம் இருக்கலாம். 30 கிலோ சாமான் கொண்டு வருகிறவருக்கு, விலை கூடிய டிக்கெட்டே முடிவில் மலிவாக அமைவதுண்டு.

ஐந்து: இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை இணைத்துப் பயணம் செய்வோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், இரண்டாம் நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டில் இரு பகுதிகள் இருந்து முதற்பகுதியில் ஏறாமல் விட்டால், பெரும்பாலும் அடுத்த பகுதியும் ரத்தாகிவிடும்.

ஆறு: ஏஜெண்டுகளை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. உம்ரா குழுக்களுக்காகவும் வளைகுடாப் பயணிகளுக்காகவும் அவர்கள் மொத்தமாக இருக்கைகளை வாங்கி வைப்பதுண்டு. விற்காமல் எஞ்சியவற்றைப் புறப்படும் நாளுக்குச் சற்று முன் விலை குறைத்துக் கொடுப்பார்கள். அவற்றைத் திருப்பிக் கொடுக்கவோ தேதி மாற்றவோ பெரும்பாலும் இயலாது, கேட்டறிந்து வாங்குங்கள்.

ஏழு: இந்தியாவில் வாங்கும் டிக்கெட்டை ரத்துச் செய்யும்போது, அடிப்படைக் கட்டணம் திரும்பாது என்ற நிபந்தனை இருந்தாலும், அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பத் தரப்பட வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

நம் கையில் உள்ளதும் இல்லாததும்

சகோதரர்களே! நம் செலவில் பெரும்பகுதி நாமே உண்டாக்கிக் கொள்ளும் அவசரத்தால் வருவது. நிக்காஹ் தேதியை மண்டபத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம். அதன் பின்னரே மகனுக்குச் சொல்கிறோம். அவனோ விடுப்புக் கேட்டு, உச்ச விலையில் டிக்கெட் வாங்கி ஓடி வருகிறான். தேதி குறிக்கும் முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவனுடைய ஒரு மாதச் சம்பளம் மிஞ்சக்கூடும். வீண் விரயத்தை மார்க்கம் வன்மையாகக் கண்டிக்கிறது என்பதைத் திருமண விருந்துக்கு மட்டுமே பொருத்திப் பார்ப்பது போதாது.

தள்ளிப்போட முடியாத அவசரமும் உண்டு. வாப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று இரவில் செய்தி வருகிறது. மையித்தை விரைந்து அடக்குவது நம் மார்க்கத்தின் வழி. முகம் பார்க்க வேண்டுமானால் அடுத்த விமானத்தைப் பிடித்தாக வேண்டும். கடைசி இருக்கையின் விலையை நிர்ணயித்த கணினி, நிறுவனத்தின் செலவில் பறக்கும் வணிகரையே மனத்தில் கொண்டது. அதே விலை, கட்டடத்தில் கம்பி கட்டும் நம் பிள்ளையின் தலையிலும் விழுகிறது. கையில் பணமில்லாதவன் கடன் அட்டையில் வாங்கி, மாதக்கணக்கில் வட்டியில் சிக்குகிறான். வட்டி ஹராம் என்று தெரிந்தே சிக்குகிறான்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. வெளிநாடு சென்ற பிள்ளை, ஒரு கடைசி நேர டிக்கெட்டுக்கான தொகையை முதல் ஆண்டிலேயே சேர்த்து, எதற்கும் தொடாமல் வைத்திருக்கட்டும். மஹல்லா ஜமாஅத்துகள் தங்கள் பைத்துல்மாலில், இத்தகைய பயணத்துக்கென வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க ஒரு பகுதியை ஒதுக்கட்டும். கடனாகத் தருவதால் பணம் திரும்பி வரும், அடுத்தவருக்கும் உதவும். ஊரில் பத்துப் பேர் முன்வந்தால் போதும்.

கணினி வைக்கும் விலையை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஒரு மகன் தன் தந்தையின் ஜனாஸாத் தொழுகைக்கு வந்து சேர, வட்டிக்குக் கை நீட்டும் நிலையை மாற்ற நம்மால் முடியும். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களை எளிதாக்கி வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.