கூண்டைக் காலி செய்யலாமா?

செம்மர வழக்குகளுக்கென்று திருப்பதியில் 2022ஆம் ஆண்டு தனி நீதிமன்றம் திறக்கப்பட்டது. இவ்வழக்குகளில் கூண்டேறுவோருள் ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கூலிகள் பலர். அவர்களுள் ஒருவன், சாட்சி தெலுங்கில் சொல்வது விளங்காமல், "பொய்! பொய்!" என்று கூவுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதட்டியும் அடங்கவில்லை. அவனை வெளியே அனுப்பிவிட்டு விசாரணையை நடத்தலாமா?

நடத்தலாம் என்கிறது சட்டம். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317ஆம் பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 355ஆம் பிரிவாக நிற்கிறது. எதிரி விடாது இடையூறு செய்தால், அவனுக்கு வழக்கறிஞர் இருக்குமிடத்து, காரணத்தை எழுதி வைத்துவிட்டு அவன் இல்லாமலே வழக்கைத் தொடரலாம். பின்னர் எந்தக் கட்டத்திலும் அவனை அழைக்கலாம்.

ஆளும் வர்க்கம் இத்தகைய அதிகாரத்தை எப்படிக் கையாளும் என்பதை லாகூர் நமக்குக் காட்டிற்று. பகத் சிங்கும் தோழர்களும் சிறையில் உண்ணாநோன்பு இருந்தனர். 63 நாள் பட்டினி கிடந்து 1929 செப்டம்பர் 13ஆம் நாள் ஜதீன் தாஸ் மாண்டார். எதிரிகள் இல்லாமலே விசாரிக்க வழிசெய்யும் மசோதா ஒன்று மத்திய சட்டசபைக்கு வந்தபோது ஜின்னா அதனைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். 1930 மே முதல் நாள் வைசிராய் இர்வின் அவசரச் சட்டம் பிறப்பித்து, மூன்று நீதிபதிகள் கொண்ட தனி மன்றத்தை ஏற்படுத்தினார். மே 12ஆம் நாள் மன்றத்தில் பாட்டும் முழக்கமும் எழுந்தன. விலங்கு பூட்ட ஆணை பிறந்தது. நீதிபதிகளின் கண்ணெதிரிலேயே போலீசார் தாக்கினர். அந்த ஆணையில் தமக்குப் பங்கில்லை என்று எழுதி வைத்தார், மூவரில் ஒருவரான ஆகா ஹைதர். ஜூன் மாதம் மன்றம் திருத்தியமைக்கப்பட்டபோது அவர் பெயர் அதில் இல்லை! எதிரிகள் இல்லாத மன்றத்தில் வழக்கு நடந்து, அக்டோபர் 7ஆம் நாள் தூக்குத் தண்டனை வெளிவந்தது.

அமெரிக்க உச்சநீதிமன்றமும் 1970இல் கலகம் செய்யும் எதிரியை வெளியேற்றலாம் என்றுதான் தீர்ப்பளித்தது. ஆனால் முதலில் எச்சரிக்கவேண்டும், ஒழுங்காயிருக்க அவன் இசைந்தால் திரும்ப அழைக்கவேண்டும் என்றும் சொன்னது. வாயைக் கட்டி உட்கார வைப்பதைவிட இது மேல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

நம் கூலிக்கு வருவோம். லாகூர் வீரர்கள் தெரிந்தே முழங்கினார்கள். இவனோ தெரியாமையால் கூவுகிறான். எதிரிக்கு விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால் திறந்த மன்றத்தில் அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும் என்று பழைய சட்டத்தின் 279ஆம் பிரிவே கட்டளையிட்டது; புதிய சட்டத்திலும் அவ்விதி உண்டு. சொல்லாத வரையில் அவன் கூண்டுக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒன்றுதானே? ஆகவே அவன் கூச்சலை இடையூறு என்று குறிப்பதற்கு முன், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்திப் பார்க்கட்டும். பிறகும் அடங்காவிட்டால் வெளியேற்றட்டும். அப்பொழுதும் அடுத்த அறையில் ஒரு திரை வைத்து, நடப்பதை அவன் மொழியில் கேட்கச் செய்யட்டும். காணொலி வழியே நிற்பதும் நேரில் நிற்பதாகும் என்று புதிய சட்டமே சொல்லிவிட்ட பிறகு, வசதி இல்லை என்ற சாக்கு எடுபடாது.

மொழிபெயர்க்க ஆள் எங்கே என்பார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த நாம் எதற்கு இருக்கிறோம்? இரு மொழியும் எழுதப் பேசத் தெரிந்த மாணவர் பட்டியல் ஒன்றை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இந்த ஆண்டே நம் சங்கம் கொடுத்தால் என்ன?