பெற்றோர் வராத பந்தல்

குமாரபாளையத்தில் வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூலி ஒப்பந்தம் முடிந்து புதுசு பேசவில்லை என்றால் தறி நிற்கும். தீபாவளி நெருங்கினால் போனஸ் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். சங்கம் எத்தனை சதவீதம் கேட்டது, முதலாளிமார் எதில் நிற்கிறார்கள், பேச்சு எங்கே முறிந்தது எல்லாம் டீக்கடை பெஞ்சில் மனப்பாடம். சங்கக் கொடிக்கு மரியாதை உள்ள ஊர். இதே ஊர்தான் 2019 ஜனவரியில் வாத்தியார்களைத் திட்டித் தீர்த்தது.

ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ, பழைய ஓய்வூதியம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக அழைத்த காலவரையற்ற வேலைநிறுத்தம் அது. ஜனவரி 22 அன்று தொடங்கி 30 அன்று முடிந்தது. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். "அறுபதாயிரம், எழுபதாயிரம் வாங்கறாங்க. இன்னும் என்னங்க வேணுமாம் அவங்களுக்கு?" என்று கேட்டவர், அதற்கு முந்தைய கூலி உயர்வுப் போராட்டத்தில் தாலுகா ஆபீஸ் முன்னால் வெயிலில் உட்கார்ந்திருந்தவர். பக்கத்தில் இருந்தவர் ஒரு படி மேலே போனார்: "எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிப் போட்டு, பத்தாயிரத்துக்குப் புதுசா ஆள் எடுக்கோணுங்க." அரசும் அப்போது அதில் பாதியைச் செய்தது. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் என்று அறிவித்தார்கள். விண்ணப்பம் குவிந்தது. வரிசையில் நின்றவர்களில் தனியார் பள்ளியில் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த பி.எட். பட்டதாரிகளும் உண்டு.

கொடி பிடிக்கத் தெரிந்த நெசவாளிக்கு, கொடி பிடித்த ஆசிரியர்மேல் ஏன் இத்தனை ஆத்திரம்? பொறாமை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஓய்வூதியம் கேட்டுப் போராடுகிறவரை, ஓய்வே இல்லாதவர் வேறு எப்படிப் பார்ப்பார்? ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அந்த இரண்டு பேரின் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கவில்லை. வேலைநிறுத்தம் நடந்த பள்ளி நாட்களிலெல்லாம் மஞ்சள் வேன் காலையில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் போனது. பூட்டிக் கிடந்தது யாரோ ஒருவருடைய பள்ளி.

பிள்ளைகள் தனியார் பள்ளிக்கு நகர்ந்த கதை, நம் நாமக்கல் ஜில்லாவில் நடந்த வேகத்தில் வேறு எங்கும் நடந்திருக்காது. பிளஸ் டூ மாநில ரேங்க் பட்டியல் என்றால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று ஒரு காலம் இருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பையே இரண்டு வருஷம் ஓட்டுவார்கள். விடுதியில் அடைத்து, நேரத்துக்குத் தீனி, நேரத்துக்குத் தேர்வு. முட்டைக்குப் பேர்போன ஜில்லா என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரும் சுலபமாக ஒட்டிக்கொண்டது. 2017இல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தி, அடுத்த ஆண்டே பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அதற்குள் அந்தப் பள்ளிகள்மேல் ஆசை தறிப்பட்டறை வரை இறங்கிவிட்டிருந்தது.

தறிப்பட்டறையில் பாக்கி என்றொரு ஏற்பாடு உண்டு. வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவது. வேறு பட்டறைக்குப் போனால் அங்கே வாங்கி இங்கே அடைப்பது. சஸெக்ஸ் பல்கலைக்கழகத்து மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் இங்கே தங்கி ஆராய்ந்து, 1999இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பாக்கி ஆளைக் கட்டிப்போடுகிறது, ஆனால் அதை வைத்தே தொழிலாளி பேரமும் பேசுகிறான் என்று இரண்டு பக்கமும் பார்த்தவர் அவர். முன்பெல்லாம் கல்யாணம், சீர், ஆஸ்பத்திரி என்று வாங்கிய பாக்கி, இப்போது ஜூன் மாதம் டேர்ம் பீஸுக்கும் வாங்கப்படுகிறது. ஒரு காலத்தில் நூல் தார் சுற்றப் பட்டறைக்கு வந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்ட ஊர், இன்று அதே பிள்ளைகளின் படிப்புக்காகத் தன்னையே பட்டறையில் அடகு வைத்திருக்கிறது. இதை நான் முன்னேற்றம் என்று சொல்வேனா என்று கேட்டால், பாதி ஆம்.

அப்படிப் பீஸ் வாங்கும் தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியை ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவர். அசல் சான்றிதழ்கள் பள்ளி அலுவலக பீரோவில். காலை ஏழரைக்கு வேனில் ஏறினால் பிள்ளைகளை எண்ணி ஏற்றுவதும் அவர் வேலை, மாலையில் இறக்கிவிடுவதும் அவர் வேலை. மே மாதம் சம்பளம் பாதி. ஆனால் அந்த மாதம்தான் அலைச்சல் அதிகம். நோட்டீஸ் கட்டைக் கையில் கொடுத்து, "இத்தனை அட்மிஷன் கொண்டு வாங்க டீச்சர்" என்று வீதிக்கு அனுப்பிவிடுவார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே, திண்ணையில் உட்காராமல், நின்றபடியே பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். சென்ற வருஷம் ஒரு நாள் கேட்டேன், "நீங்க எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வெச்சா என்னம்மா?" சிரித்தார். "வெச்ச அன்னிக்கு சாயங்காலமே வேன்ல இடம் இருக்காதுங்கண்ணா."

சங்கங்கள்தான் பள்ளிக்கூடத்தைக் கெடுத்தன என்பவர்கள், சங்கமே இல்லாத பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று இந்த டீச்சரிடம் கேட்கலாம். என் கட்சி இதில் தெளிவு: சங்கம் வேண்டும். என் சண்டை, இருக்கிற சங்கங்கள் யாரோடு பேசுகின்றன, யாரோடு பேசவே இல்லை என்பதில்தான்.

அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் மறக்காத வருஷம் 2003. அந்த ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, சம்பளத்தில் பத்து சதவீதம் பிடித்து அரசும் அவ்வளவு போடும் பங்களிப்புத் திட்டம்தான் என்றானது. ஜூலையில் வேலைநிறுத்தம். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவில் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது ஜெயலலிதா அரசு. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து உள்ளே வந்தவர்களின் கூச்சம் இன்னும் பலர் முகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஆளுங்கட்சி இழந்ததும் நடவடிக்கைகள் வாபஸ் ஆயின. சங்கங்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டன: தேர்தல்தான் நம் ஆயுதம், பேச வேண்டியது கோட்டையோடு. பாதி சரியான பாடம், ஆகவே ஆபத்தான பாடம். அன்றிலிருந்து போராட்டப் பந்தலின் முகம் சென்னையைப் பார்த்தே திரும்பியிருக்கிறது, வீதியைப் பார்க்கவில்லை.

கோரிக்கைகளில் நியாயம் இல்லாமல் இல்லை. 2009 மே 31 அன்று வேலையில் இருந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 அன்று சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் வித்தியாசம். ஒரே வகுப்பு, ஒரே பாடம். பட்டறையில் இரண்டு தறிக்கு இரண்டு கூலி என்று சொன்னால் அன்றைக்கே தறி நின்றுவிடும். 2012இல் ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் பத்தாண்டு தாண்டியும் பகுதிநேரம்தான். இப்போது இன்னொன்று சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்றது. இருபது வருஷம் பாடம் நடத்தியவர்கள் கைடு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மத்திய அரசோ பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லித் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. இதில் எதையும் எங்கள் தெருவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

வேறு ஊர்களில் சொன்னார்கள். சிகாகோ ஆசிரியர் சங்கம் 2012 செப்டம்பரில் ஏழு பள்ளி நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதற்கு ஏழு மாதம் முன்பே, நகரத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட பள்ளி வேண்டும் என்று தனி அறிக்கை போட்டார்கள். வகுப்பில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, நர்ஸ் வேண்டும், நூலகம் வேண்டும் என்றது அது. சங்கத் தலைவி கேரன் லூயிஸ் வேதியியல் டீச்சர். பெற்றோர் ஆசிரியர் பக்கம் நின்றார்கள். அதனால் எல்லாம் ஜெயித்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான்; அடுத்த வருஷமே ஏறக்குறைய ஐம்பது பள்ளிகளை மேயர் மூடினார். 2018இல் மேற்கு வர்ஜீனியாவில் வேலைநிறுத்த உரிமையே இல்லாத ஆசிரியர்கள் 55 மாவட்டங்களிலும் பள்ளிகளை நிறுத்தினார்கள். அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியை நம்பியிருக்கும் பிள்ளைகள் நிறைய. வேலைநிறுத்தத்துக்கு முன்பே அவர்களுக்கான சாப்பாட்டுப் பொட்டலங்களை ஆசிரியர்களே கட்டித் தயார் செய்தார்கள். ஒன்பது நாளில் ஐந்து சதவீத உயர்வு கிடைத்தது, அரசு ஊழியர் அனைவருக்கும். எனக்கு அந்த ஐந்து சதவீதத்தைவிடப் பொட்டலம்தான் பெரிதாகப் படுகிறது. சத்துணவு பிறந்த மாநிலத்தில் நம் சங்கங்களுக்கு அந்த யோசனை வராமல் போனதே என்று இன்றைக்கும் ஆதங்கம்.

பக்கத்தில் இலங்கை. 2021 ஜூலை முதல் மூன்று மாதத்துக்கு மேல் ஆசிரியர்கள் இணையவழி வகுப்பு எடுக்கவில்லை. இருபத்து சொச்சம் ஆண்டுச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லிப் போராட்டம். முன்னணியில் நின்ற இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச்செயலாளரின் பெயர் ஜோசப் ஸ்டாலின் (நமக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்க்க வைக்கிற பெயர்). அவரை அதற்குச் சற்று முன்பு கைது செய்து, தனிமைப்படுத்தல் என்று சொல்லி முல்லைத்தீவுப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அந்தக் கைது சம்பளத்துக்காக அல்ல. உயர்கல்வி காசுக்கு விற்கப்படும் என்று சொல்லி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழக மசோதாவை எதிர்த்த போராட்டத்தில் நின்றபோது நடந்தது. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வி அங்கே ஒவ்வொரு குடும்பத்தின் சொத்து. அதைத் தொட்டுப் பேசியதால் சம்பளப் போராட்டத்துக்கும் ஊர் காது கொடுத்தது.

நம் ஜாக்டோ-ஜியோவின் 2019 பட்டியலிலும் அப்படியொரு கோரிக்கை இருந்தது. பிள்ளைகள் குறைவு என்று தொடக்கப் பள்ளிகளை மூடவோ இணைக்கவோ கூடாது என்பது. வேலைநிறுத்தம் நடந்த அதே ஜனவரியில்தான் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, அதற்கு இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அதையும் சங்கங்கள் எதிர்த்தன. எதிர்த்த விதம்தான் கோளாறு. தறித்தெருப் பெற்றோருக்கு எல்.கே.ஜி. என்பது வேன் பீஸ் இல்லாத வரம். பள்ளியை மூடாதே என்ற கோரிக்கையை முதலில் வைத்து, எல்.கே.ஜி.க்குத் தனி ஆசிரியர் போடு என்று கேட்டிருந்தால், திட்டியவர்களில் நாலு பேராவது பந்தலுக்கு வந்திருப்பார்கள்.

ஓய்வூதியச் சண்டையில் ஒரு கட்டம் முடிந்தது. 2026 ஜனவரி 3 அன்று கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதியளிக்கும் புதிய திட்டத்தை அரசு அறிவிக்க, 6ஆம் தேதி தொடங்கவிருந்த வேலைநிறுத்தத்தை ஜாக்டோ-ஜியோ கைவிட்டது. அந்த 2009 ஜூன் 1 இடைநிலை ஆசிரியர்கள் மட்டும் சென்னையில் போராடிக் கைதாகிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஓர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளரிடம் பேச வாய்த்தது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அவர்களைக் கூப்பிட்டு உங்கள் கோரிக்கையை ஒரு தடவை சொன்னால் என்ன என்று கேட்டேன். "கூப்பிட்டா வரமாட்டாங்க சார். தறி ஓடற நேரம். பகல் ஷிப்டுக்காரங்களுக்கு ராத்திரிதான் ஒழியும், ராத்திரி ஷிப்டுக்காரங்க பகல்ல தூங்குவாங்க" என்றார். அவர் சொன்னது நிஜம். ஆனால் மாதம் ஒரு நாள் துணைமின் நிலையப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்துகிறார்கள். அன்றைக்கு ஊரில் ஒரு தறி ஓடாது, பள்ளிக்கூடம் மட்டும் நடக்கும். தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடுகிறது. கத்தரித்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்புங்கள் என்றிருக்கிறார்.