மாத்திரைப் பையைக் கேட்ட சகோதரி



மும்பையில் எங்கள் சபைக்கு வரும் வயதான தாயார் ஒருவர், சென்ற ஆண்டு உபவாச ஜெபத்தின் இரண்டாம் நாளில் முழங்காலில் நின்றபடியே சாய்ந்துவிட்டார். உடல் வியர்வையில் நனைந்திருந்தது, நாவு குழறியது. அவர் ஆவியில் நிறைந்திருக்கிறார் என்று அருகில் இருந்தோர் எண்ணினார்கள். ஊழியக்காரனாகிய நானும் சில நிமிடங்கள் அப்படியே எண்ணினேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மருத்துவமனையில் சோதித்தபோது இரத்தச் சர்க்கரை 38 என்று இருந்தது.

குளுக்கோஸ் ஏற்றி மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றினார்கள். மறுநாள் காலையில் மருத்துவர்களோடு வெள்ளை அங்கி அணிந்த இளம் சகோதரி ஒருவரும் வந்தார். அவர் மருத்துவரும் அல்ல, நர்ஸும் அல்ல. மலையாளம் கலந்த தமிழில், "அம்மா, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்" என்றார். மகன் கொண்டுவந்த பையைக் கட்டிலின் மேலேயே கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் நிதானமாக வாசித்தார்.

திருநெல்வேலியில் மருத்துவர் எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரை ஒன்று. மகன் வீட்டுக்கு வந்தபின் இங்குள்ள மருத்துவர் எழுதியது இன்னொன்று. பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் இரண்டிலும் பொடி எழுத்தில் கிளிமிபிரைடு என்றே இருந்தது. இரண்டாவதில் அதனோடு மெட்ஃபார்மினும் சேர்ந்திருந்தது. நான்கு மாதங்களாகத் தாயார் ஒரே மருந்தை இருமடங்கு உட்கொண்டிருக்கிறார். மூட்டு வலிக்கென்று கடையில் தாமாகவே வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையும் பையில் கிடந்தது. அது சிறுநீரகத்தை வருத்தும். சிறுநீரகம் தளர்ந்தால் கிளிமிபிரைடால் சர்க்கரை தாழும் ஆபத்து கூடும். இத்தனைக்கும் மேலே உபவாசம்! அச்சகோதரி இவற்றை எழுதி மருத்துவரிடம் காட்ட, மருத்துவர் மருந்துச் சீட்டை மாற்றினார்.

இவரையே கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்கிறார்கள். மருந்துக் கடையில் இருப்பவர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துத் தருகிறார்; இவரோ நோயாளியின் கட்டிலருகே வருகிறவர். வயது, எடை, சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றுக்கு ஏற்ற அளவுதானா, ஒரு மருந்து மற்றொன்றோடு மோதுமா என்று பார்ப்பது இவருடைய வேலை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர் வலி மாத்திரையும் சேர்த்து உண்டால் இரத்தக் கசிவு உண்டாகக்கூடும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். வீடு திரும்பும்போது மருந்தை உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பவரும் இவரே. இன்சுலின் நம் தேசத்தில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகையில் விற்கப்படுகிறது. 40-க்குரிய சிவப்பு மூடி ஊசியில் 100 யூனிட் மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஊசி போட்டுக்கொள்வோர் குப்பியையும் ஊசியையும் இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இதற்கென ஆறாண்டுப் படிப்பாகிய பார்ம்.டி. நம் நாட்டில் 2008-இல் ஏற்படுத்தப்பட்டது. கடைசி ஆண்டு முழுவதும் மருத்துவமனையிலேயே பயிற்சி. ஆயினும் சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் இப்படி ஒருவர் இல்லை. அங்கே மருந்துக் கடைக்காரரிடமாவது கேளுங்கள். 2015-ஆம் ஆண்டின் விதிகள்படி நோயாளிக்கு விளக்கம் சொல்வது அவர் கடமை. மருந்தால் ஒவ்வாத விளைவு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அறிவிக்கலாம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு இந்த ஆபத்து அதிகம். ஊரில் ஒரு மருத்துவர், இங்கே ஒரு மருத்துவர். அட்டையிலுள்ள ஆங்கிலத்தை வாசிக்கப் பிள்ளைகள் வேலையிலிருந்து திரும்பவேண்டும். நானோ இருபது ஆண்டுகளாக உபவாசத்தை அறிவித்தேனேயன்றி, யார் என்ன மாத்திரை உண்கிறார் என்று ஒருமுறையும் விசாரித்ததில்லை. மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. உண்டுவிட்டுப் பட்டினி இருப்பதும் ஆபத்து. எனவே இப்பொழுது உபவாச அறிவிப்புக்கு முன்பு, மாத்திரை உண்போர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரும்படி சொல்கிறேன்.

முதன்முறை சொன்ன ஞாயிறன்று ஆராதனை முடிந்தபின் மூன்று பேர் தனியே என்னிடம் வந்தார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை உண்கிறவர்கள். விசுவாசக் குறைவு என்று பாஸ்டர் நினைப்பாரோ என்று பயந்து அதுவரை என்னிடம் சொல்லாதிருந்தார்களாம்.