ஈருறுப்புப் பரவலும் பத்து லுங்கியும்

ப்ளஸ் டூ கணக்குல ஈருறுப்புப் பரவல்னு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா மக்களே? சூத்திரத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். எதுக்கு அதுன்னு கேட்டா? நாணயம் சுண்ட, பகடை உருட்ட! படிச்சு முடிச்சதும் எல்லாரையும் சூதாட்டக் கிளப்புக்கா அனுப்பப் போறோம்?

திருத்தணி பக்கத்துல பொதட்டூர்பேட்டை. விசைத்தறிச் சத்தத்துலயே வளர்ற ஊர். இந்த ஊர்ப் பிள்ளைக்கு நாணயம் எதுக்குங்க, வீட்டுத் தறி இருக்கும்போது?

கூலிக்கு நெய்யுற ஒருத்தரோட லுங்கியில நூத்துக்கு 5 டேமேஜ் ஆகும், அது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட அளவுன்னு வெச்சுக்குவோம். வாங்குறவர் பெரிய கட்டுலேர்ந்து பத்தை உருவிப் பார்க்கிறார். ஒண்ணு டேமேஜ். "பத்துக்கு ஒண்ணுன்னா நூத்துக்குப் பத்து, கூலியில பிடிச்சுக்கிறேன்" என்கிறார். நியாயமா?

ஒரு லுங்கி நல்லதா இருக்க வாய்ப்பு 0.95. பத்தும் நல்லதா இருக்க, 0.95ஐப் பத்து தடவை பெருக்குங்க. கிட்டத்தட்ட 0.60. அதாவது, ஒழுங்கா நெய்யுற மனுஷன்கிட்டயும் பத்துல ஒண்ணாவது டேமேஜ் சிக்க 40 சதவீத வாய்ப்பு! ரெண்டோ அதுக்கு மேலயோ சிக்கத்தான் வாய்ப்பு 9 சதவீதத்துக்கும் கீழே. ஒத்தை லுங்கியைக் காட்டிக் கூலியைப் பிடிக்கிறது அடாவடி. அதை எதிர்த்துக் கேட்கிற ஆயுதம் பாடப் புத்தகத்துலயே இருக்கு. ஆனா நாம அதை வெச்சு நாணயம் சுண்டுறோம்.

இன்னொரு கொடுமை, நிபந்தனைகளை மனப்பாட வரியாக்கினது. ஒரு முயற்சி இன்னொண்ணைச் சாராம இருக்கணும், வாய்ப்பு மாறாம இருக்கணும், அவ்ளோதான். ஏன்னு யாராவது சொன்னாங்களா? பாவு நூல் ஒண்ணு அறுந்து, கவனிக்காம தறி ஓடினா, அடுத்தடுத்த லுங்கியிலயும் அதே கோடு விழும். அங்கே அந்தச் சூத்திரம் செல்லாது. கட்டுல வரிசையா பத்தை எடுக்காம, அங்கங்கே கலைச்சு எடுக்கணும். நாணயத்தை வெச்சு இதைப் புரிய வைக்கிறது கஷ்டம். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது, தறிக்கு உண்டு.

இது புதுசா நான் கண்டுபிடிச்சதும் இல்லை. புள்ளியியலை வெச்சுச் சரக்கோட தரத்தைப் பார்க்கலாம்னு காட்டின ஷூஹார்ட், மஹலனோபிஸ் அழைப்புல 1947-48லயே இந்தியா வந்து போயாச்சு. வகுப்பறைக்குள்ளதான் இன்னும் வரலை.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை சார்" என்பாங்க. ஒரு பீரியட், பத்து லுங்கி. அது போதும். இல்லை, நாணயம்தான் சுலபம்னு சொல்றவங்க பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.