வேன் போடும் எல்லைக்கோடு: வில்லியனூர், பாகூர் அரசுப் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவது ஏன்?

கிராமத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டால் அதை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா? 2025-ல் உத்தரப்பிரதேசத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. 50-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளிகளோடு இணைக்க அந்த மாநில அரசு ஜூன் 16 அன்று உத்தரவிட்டது. சீதாப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகள் 51 பேர் வழக்குத் தொடர்ந்தனர். ஜூலை 7 அன்று தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில், சீதாப்பூரில் இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று இரு நீதிபதிகள் அமர்வு ஜூலை 24 அன்று உத்தரவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளிகளை இணைக்க மாட்டோம் என்று அரசும் பின்னர் இறங்கி வந்தது.

இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று நாம் இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 2019-ல், ஒரு மாணவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. புதுச்சேரியின் கிராமப்புறங்களிலும் பிள்ளைகள் குறைந்த தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பள்ளிகளில் மிஞ்சியிருப்பவர்கள் யார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

கோடு போடுவது யார்?

அமெரிக்காவில் எந்தத் தெருப் பிள்ளை எந்த அரசுப் பள்ளியில் சேர வேண்டும் என்பதை நிர்வாகமே வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்கிறது. பணக்காரக் குடியிருப்புகள் கோட்டுக்கு ஒரு பக்கமும் ஏழைகள் மறு பக்கமுமாகப் பிரிந்துவிட்டால், ஒரு பள்ளி முழுக்க ஏழைப் பிள்ளைகளால் நிரம்பிவிடும். அங்கே இதைச் சரிசெய்யும் முயற்சிகள் பல நடந்தன. 1974-ல் டெட்ராய்ட் நகர வழக்கில், புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை நகரத்தோடு சேர்த்துக் கட்டாயமாகக் கலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு மாறாக, வட கரோலினாவின் வேக் கவுண்டி 2000-ல், எந்தப் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள் 40 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இலக்கு வைத்துப் பத்தாண்டு காலம் முயன்றது.

நம் நாட்டுச் சட்டம் அப்படிக் கோடு போடுவதில்லை. 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகள், 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டருகே பள்ளி இருக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் படிக்க வேண்டும் என்று சொல்வதில்லை.

அதனால் வில்லியனூரிலும் பாகூரிலும் எல்லைக்கோட்டைப் போடுவது தனியார் பள்ளி வேன்தான். காலை ஏழரை மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும் வேனில், கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை ஏறிப் போகிறது. கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை நடந்து அரசுப் பள்ளிக்குப் போகிறது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் இன்று தனியார் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காராமலேயே பெரியவர்களாகிவிடுகிறார்கள்.

குறைந்தால் மேலும் குறையும்

கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 மாணவர் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். 95 பிள்ளைகள் படித்த பள்ளியிலிருந்து 40 பேர் வேனில் ஏறிவிட்டால் நான்கு ஆசிரியர் இருந்த இடத்தில் இரண்டு பேர் போதும் என்றாகிவிடும். ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் நடத்துவார்கள். ஒருவர் விடுப்பிலோ அலுவலக வேலையிலோ போனால் ஒருவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும் இன்னும் பத்துப் பெற்றோர், கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியாரில் சேர்த்துவிடுகிறார்கள்.

கடைசியில் மிஞ்சுவது தினக்கூலிகள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், கணவரை இழந்த தாய்மார்கள் ஆகியோரின் பிள்ளைகள். வறுமை அந்தப் பிள்ளைகளின் குற்றமல்ல. ஆனால் வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் மட்டுமே ஒரு வகுப்பில் இருந்தால் ஆசிரியரின் சுமை பல மடங்காகிறது. கழிவறை உடைந்தால் கல்வித்துறைக்கு மனு எழுதவும், ஆசிரியர் வராவிட்டால் கேட்கவும் தெரிந்த பெற்றோர் ஏற்கெனவே வெளியேறிவிட்டனர். பள்ளியைச் சேர்த்துவிடலாம் என்று ஒருநாள் கோப்பு வந்தால் எதிர்த்துப் பேச அங்கே ஆள் இருக்காது.

வசதியானவரும் இல்லாதவரும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி முறை வேண்டும் என்று 1964-66 கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஊழியர்கள் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு

தொடக்கப்பள்ளியில் விழும் அடி அதோடு நிற்பதில்லை. கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள்தான் பக்கத்து நடுநிலை, உயர்நிலைப் பள்ளிக்கும், அங்கிருந்து வில்லியனூர் கண்ணகி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, பாகூர் பாரதி அரசு மேல்நிலைப் பள்ளி போன்றவற்றுக்கும் போகிறார்கள். அடியில் இருக்கும் பள்ளி மூடினால் மேலே இருக்கும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் குறைவார்கள்.

இதில் பாடத்திட்டமும் சேர்ந்துகொள்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 2023-24-ல் 6 முதல் 9 வரையும் 11-ம் வகுப்புக்கும் சி.பி.எஸ்.இ. கொண்டுவரப்பட்டது. தனியார் பள்ளிகளில் பல இன்னும் தமிழ்நாடு பாடத்திட்டத்தையே நடத்துகின்றன. பாகூரைச் சுற்றிக் கடலூர் மாவட்டமும் வில்லியனூரைச் சுற்றி விழுப்புரம் மாவட்டமும் பின்னிக் கிடக்கின்றன. பிழைப்புக்காகக் குடும்பம் எல்லை தாண்டி நான்கு கிலோமீட்டர் குடிபெயர்ந்தால் பிள்ளைக்குப் புத்தகமே மாறிவிடும். இடம் மாறிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் வாடகை வீட்டு ஏழைக் குடும்பங்கள்தான்.

இன்னொரு பக்கம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்துவருபவருக்கே இதனால் பலன். இடையில் தனியாருக்குப் போய்க் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பி வரும் பிள்ளை அந்த வாய்ப்பை இழக்கக்கூடும்.

நமக்கு இதில் என்ன?

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் முஸ்லிம்கள் சுமார் 6 சதவீதம். வில்லியனூர் சுல்தான்பேட்டை போல நாம் சேர்ந்து வாழும் பகுதிகளும் உண்டு. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஓரிரு குடும்பமாக வாழ்பவர்களும் உண்டு. முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் மட்டும் படிப்பவர்கள் 4 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று சச்சார் குழு 2006-லேயே சொல்லிவிட்டது. மற்றவர்கள் பொதுப் பள்ளிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மை மாணவர்களுக்குக் கிடைத்துவந்த மத்திய அரசின் உதவித்தொகையும் 2022-23 முதல் நின்றுவிட்டது.

பள்ளி தூரமானால் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்புதான். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலையில், எட்டாவதோடு போதும் என்று சொல்லும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.

நம் பக்கமும் பேசியாக வேண்டிய ஒன்று உண்டு. தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியிலிருந்து சிறுபான்மைப் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் விலக்கு உறுதி செய்தது. அந்த விலக்கு நம் நிர்வாக உரிமைக்கான பாதுகாப்பு. ஏழை வீட்டுப் பிள்ளையைக் கட்டணம் கேட்டுத் திருப்பி அனுப்பும் உரிமையாக அது ஆகிவிடக்கூடாது. சமுதாயத்தின் பெயரில் பள்ளி நடத்துபவர்கள், சட்டம் கேட்காவிட்டாலும் எத்தனை இடங்களை இலவசமாகக் கொடுக்கிறோம் என்று ஜமாஅத் முன் சொல்ல வேண்டும்.

யாரிடம் கேட்பது?

தன் பகுதியில் 14 வயது வரை உள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பதும் அருகில் பள்ளி கிடைக்கச் செய்வதும் உள்ளாட்சியின் கடமை என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆனால் புதுச்சேரியில் 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளை ஆணையர்களே நடத்துகிறார்கள். பள்ளியைப் பற்றிக் கேட்க வார்டு உறுப்பினர்கூட நமக்கு இல்லை.

மிஞ்சியிருப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பல ஊர்களில் இது கையெழுத்து வாங்கும் குழுவாகவே இருக்கிறது. இந்தக் குழுவில் நம் தாய்மார்கள் உட்கார்ந்து மூன்று விஷயங்களைக் கேட்கலாம். இந்தத் தெருவில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இங்கே படிக்கிறார்கள் என்ற கணக்கு முதலாவது. பள்ளியை இணைக்கும் யோசனை வந்தால், கிலோமீட்டர் கணக்கும் மாணவர் சிறப்புப் பேருந்து வரும் நேரமும் எழுத்தில் தரப்பட வேண்டும் என்பது இரண்டாவது. எண்ணிக்கை குறைந்ததற்காக ஆசிரியரை எடுப்பதற்கு முன், ஒரு கல்வியாண்டாவது சேர்க்கைக்கு அவகாசம் வேண்டும் என்பது மூன்றாவது.

பிள்ளையைத் தனியாரில் சேர்த்த பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்லது வேண்டும் என்றுதான் அவர்கள் போனார்கள். ஆனால் ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் தனித்தனியாக யோசிக்காமல் சேர்ந்து முடிவெடுத்து, பிள்ளைகளை ஒரே ஆண்டில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் ஓர் ஆசிரியர் பணியிடமே தங்கிவிடக்கூடும். கேட்கத் தெரிந்த பெற்றோரும் அந்தப் பள்ளிக்குத் திரும்பக் கிடைப்பார்கள்.

1930-லேயே பிரெஞ்சு ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்த ஊர் புதுச்சேரி. பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலைக்காக மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பல்லவர் செப்பேடு சொல்கிறது. படிப்புக்கு இந்த மண்ணில் எப்போதும் மதிப்பு இருந்தது. அடுத்த சேர்க்கைக் காலம் வருவதற்குள், ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம், நம் தெரு அரசுப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பேசத் தொடங்கட்டும்.