அனுப்பும் பணம் அத்தாவாகுமா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலையில் ஏறினால் ஏற்காடு வரும். காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த அக்குளிர்ந்த ஊரில் விடுதியோடு கூடிய பள்ளிகள் பெயர் பெற்றவை. இத்தகைய மலைப்பள்ளி ஒன்றில் பிள்ளையைச் சேர்த்துப் பணமும் கட்டிவிட்டால் தந்தையின் கடமை முடிந்தது என்ற எண்ணம், அரபு நாடுகளில் பொருளீட்டும் நம் சபுராளிகள் சிலரிடம் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் தவறு என்பதே நம் வாதம்.

"ஆங்கிலம் வருகிறது, ஒழுங்கு படிகிறது, வேறென்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கல்வியின் அருமையை நாம் மறுக்கவில்லை, பள்ளிகளைப் பழிக்கவுமில்லை. ஆசிரியர் பாடம் சொல்வார். விடுதிக் காப்பாளர் வேளைக்கு உணவளிப்பார். பல பிள்ளைகளுக்குப் பொதுவான அவர், ஒரு பிள்ளைக்கு மட்டும் அத்தாவாக இருக்க முடியுமா?

பிழைக்க வந்த இடத்தில் பிள்ளையைப் பிரிவது ஆங்கிலேயரும் கண்ட துயரம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் புகுத்தினார், தோட்டங்கள் பெருகின, 1917இல் மாண்ட்ஃபோர்ட் பள்ளி தோன்றியது. அதற்கு முன்பே இந்தியாவில் பணிபுரிந்த வெள்ளையர் பலர் தம் மக்களைக் கப்பலேற்றிச் சீமையில் விட்டு வந்தனர். 1871இல் பம்பாயிலிருந்து கொண்டு செல்லப்பட்டு, ஆறு வயது நிரம்புமுன் அன்னியர் இல்லத்தில் விடப்பட்டவர் ருட்யார்ட் கிப்ளிங். 1907இல் நோபல் பரிசு பெற்றும் அவர் அக்காயத்தை மறக்கவில்லை. முதுமையில் எழுதிய தன்வரலாற்றிலும் அந்த வீட்டின் கொடுமையைப் பதிந்து சென்றார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸனை முத்தமிடக் கண்ட அக்ரஉ, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவர் இரக்கம் பெறமாட்டார் என்ற கருத்தில் பெருமானார் விடையளித்தார்கள். சிறுவர் யூசுப் (அலை) தாம் கண்ட கனவை முதலில் தந்தையிடமே உரைத்ததாகத் திருமறை பகர்கிறது. விடுதிக் கட்டிலில் திடுக்கிட்டு விழிக்கும் சிறுவன் தன் கனவை எவரிடம் சொல்வான்?

"அத்தா இல்லாத வீட்டில் பையன் கெட்டுவிடுவான்" என்பது அடுத்த வாதம். பாட்டனாரும் மாமனும் சிற்றப்பனும் எதற்கிருக்கிறார்கள்? வறுமை தந்தையைப் பிரித்தது. தாயையும் பிரிக்கச் சொன்னது யார்? வீட்டருகே நல்ல பள்ளி இருக்க, பெருமைக்காகப் பச்சிளம் பிள்ளையை மலையேற்றுவது கொடுமையன்றோ!

வேறு வழியே இல்லாதவர் சிலவற்றையேனும் செய்யட்டும். தொலைபேசியில் முதற்கேள்வி மதிப்பெண்ணைப் பற்றியதாக இராதிருக்கட்டும். பிள்ளை அழுதால், "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டாமல் காரணத்தைக் கேட்கட்டும். தாயகம் வரும் நாட்களை வீடு கட்டுவதிலும் விருந்துகளிலும் கரைத்துவிடாமல் பிள்ளையோடு கழிக்கட்டும். பெருநாளன்று எப்பிள்ளையும் மலைமீது தனித்திராதபடி உறவினர் சென்று அழைத்து வரட்டும். உறவினர் இல்லையெனில் ஜமாஅத்தார் முன்வரட்டும்.

விசா முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். கழிந்துபோன பிள்ளைப் பருவத்தைப் புதுப்பித்துத் தருவார் எவர்? பிள்ளைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் காக்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!